சரி என்று சொன்னது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன் வந்தால் இரண்டில் ஒன்று. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அல்லது என் அக்கா பையனுக்குத் தூக்கம் வரவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டாவது.

"மாமா, ஆறு டாலர் குடுத்து ஒரு பழைய புஸ்தகம் வாங்கினேன். திருட்டுச் சாமான் வாங்கிட்டேனோன்னு உறுத்தலா இருக்கு."

"திருடன் ரசீது குடுப்பானாடா?"

"குடுத்தானே மாமா. 'நன்றி, மறுபடி வாங்க'ன்னு மெயில்கூட வந்தது."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்ததில் எனக்கும் சிரிப்புப் போய்விட்டது. அவனுடைய கேள்வியை உங்களிடமும் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் சமாசாரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பையன் சிகாகோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள், வீட்டுக்கடன். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துவிட்டால் நாலு சிநேகிதர்களோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து குள்ளனாகவோ மந்திரவாதியாகவோ மாறிவிடுவான். 'ரோல்பிளேயிங் கேம்' என்று பெயர். கம்ப்யூட்டர் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். திரை கிடையாது, பட்டன் கிடையாது. ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் கதாபாத்திரங்கள். 'குகைக்குள் இருட்டு. ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறாய்?' என்று கதைசொல்லி கேட்பார். 'வாளை உருவுகிறேன்' என்று இவன் சொல்வான். வெட்டு விழுமா விழாதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பத்து முகம், இருபது முகம் உள்ள பகடையெல்லாம் உண்டு.

இந்த விளையாட்டுக்கு முக்கியமான சாதனம் ஒரு புத்தகம். விதிகள், வரைபடங்கள், எந்தப் பூதத்துக்கு எவ்வளவு பலம் என்கிற கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது. கேரம் போர்டு உடைந்தால் வேறு போர்டு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் புத்தகம் கிடைக்காவிட்டால் அந்த விளையாட்டே கிடையாது. அதனால்தான் முப்பது, நாற்பது வருஷத்துக்கு முந்தைய புத்தகங்களுக்காக இப்படி அலைகிறார்கள்.

பையன் தேடியது 'மிடில் எர்த் ரோல் பிளேயிங்'. அயர்ன் கிரவுன் எண்டர்பிரைசஸ் என்ற கம்பெனி 1984-ல் வெளியிட்டது. டோல்கீன் படைத்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' உலகத்துக்குள் நாமே புகுந்து விளையாடலாம். அச்சில் நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இணையத்தில் துழாவியதில் ஒரு கடையில் பி.டி.எஃப். வடிவத்தில் கிடைத்தது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். பணம் கட்டிய மறு நிமிஷம் புத்தகம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. பக்கங்கள் கொஞ்சம் கோணலாக இருந்தன. ஓர் ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்டிருந்த கூட்டல் கணக்குகூட அப்படியே பதிவாகியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மேஜையில் பெருமையாகக் காட்டியிருக்கிறான். ஒரு சிநேகிதர் அந்தப் பென்சில் கணக்கைப் பார்த்துவிட்டு, "இதை விற்க அந்தக் கடைக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டார். இவன் கடைக்கே எழுதிக் கேட்டான். பதில் மூன்றே வரி.

புத்தகம் அச்சில் இல்லை. வெளியிட்ட கம்பெனியும் இல்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

படித்தால் நியாயமாகத்தான் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

*

முதல் வரி: அச்சில் இல்லை.

உங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. பத்து வருஷமாக ஒருவரும் வரவில்லை. திண்ணையில் நாய் தூங்குகிறது. அதற்காக நீங்கள் அந்த வீட்டை வாடகைக்கு விட்டு முன்பணம் வாங்கிக்கொள்ள முடியுமா? பூட்டிக் கிடக்கிறது என்பது ஒரு செய்தி. யாருக்கும் சொந்தமில்லை என்பது வேறு செய்தி. பல பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

காப்பிரைட்டுக்கும் அச்சுக்கும் சம்பந்தமில்லை. அச்சு நின்றாலும் உரிமை ஓடிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் எழுத்தாளர் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு. அமெரிக்காவில் ஆயுளுக்குப் பிறகு 70 ஆண்டு. கம்பெனிக்காகக் கூலிக்கு எழுதிக் கொடுத்தது என்றால் வெளியானதிலிருந்து 95 ஆண்டு. இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் ஆதியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் கேரி கைகாக்ஸ் ஆரம்பித்த டி.எஸ்.ஆர். கம்பெனி, ஒரு பெட்டிக்குள் மூன்று குட்டிப் புத்தகங்களைப் போட்டு, பத்து டாலர் விலையில், முதலில் ஆயிரம் பெட்டிதான் செய்தது. 95 ஆண்டு என்று கணக்குப் போட்டால் அது எல்லாருக்கும் பொதுவாவது 2070 ஜனவரி 1-ந் தேதி. அதை முதன்முதலில் வாங்கி விளையாடிய பையன்களுக்கு அப்போது நூற்றுப்பத்து வயது ஆகியிருக்கும்.

இவ்வளவு நீண்ட காலம் நியாயமா என்று கேட்டால், இல்லை என்பது என் கட்சி. ஆனால் சட்டம் நீளமாக இருக்கிறது என்பதற்காக அந்தக் கடைக்காரர் கையில் லைசென்ஸ் முளைத்துவிடாது.

*

இரண்டாம் வரி: கம்பெனி இல்லை.

கம்பெனிகள் சாகும். உரிமைகள் சாவதில்லை, கை மாறும். டி.எஸ்.ஆர். கடனில் மூழ்கியது. 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதை வாங்கியது. 1999-ல் அந்த விசார்ட்ஸையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. கம்பெனி பெயரோடு பழைய புத்தகங்களின் உரிமையும் கூடவே போயிற்று. ஆக, டி.எஸ்.ஆர். புத்தகம் விற்கும் கடை 'கம்பெனி மூடிட்டாங்க சார்' என்று சொன்னால் நம்பாதீர்கள். சொந்தக்காரர் உயிரோடு, நல்ல வசதியாகவே இருக்கிறார்.

பையன் வாங்கிய புத்தகத்தின் கதை இன்னும் சிக்கல். அது இரண்டு சாவி போட்டுத் திறக்கும் பூட்டு. விதிகளும் எழுத்தும் அயர்ன் கிரவுனுடையவை. உள்ளே வரும் ஊர்களும் பெயர்களும் டோல்கீன் உலகத்தவை. அதற்கு டோல்கீன் எண்டர்பிரைசஸ் என்ற நிறுவனத்திடம் தனியாக லைசென்ஸ் வாங்கித்தான் அச்சிட்டார்கள். 1999-ல் அந்த லைசென்ஸ் போயிற்று. 2000-ல் அயர்ன் கிரவுன் திவால் ஆயிற்று. கதையுலகத்தின் சாவி பிறகு வேறு கம்பெனிகளுக்குப் போனது. அவர்கள் அதை வைத்துப் புதிய விளையாட்டுகளை எழுதிக்கொண்டார்கள். பழைய புத்தகத்துக்கு இரண்டு சாவியும் மறுபடி ஒன்று சேரவில்லை. எழுதியவர்களே முன்வந்தாலும் தனியாக விற்க முடியாது. அப்படி இருக்கும்போது யாரோ ஒரு ஸ்கேனர் வைத்திருப்பவர் எந்தச் சாவியைப் போட்டுத் திறந்தார்?

இந்தத் தொழிலில் இந்தச் சிக்கல் பிறவியிலேயே உண்டு. 1974-ன் முதல் பெட்டியிலேயே டோல்கீனின் 'ஹாபிட்' குள்ளர்கள் கேட்காமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்சேபம் வந்த பிறகுதான் அவர்கள் பெயர் 'ஹாஃப்லிங்' ஆயிற்று.

*

மூன்றாம் வரி: யாருக்கும் நஷ்டமில்லை.

இங்கேதான் நான் உண்மையிலேயே தடுமாறினேன். ஏன் என்று சொல்கிறேன்.

உறுத்தல் தாங்காமல் பையன் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போய் அதே புத்தகத்தின் காகிதப் பிரதியைத் தேடிப் பிடித்து நாற்பது டாலர் கொடுத்து வாங்கிவிட்டான். அப்புறம்தான் அவனுக்கு அடுத்த சந்தேகம். "மாமா, இந்த நாற்பது டாலர்லயும் எழுதினவருக்கு ஒரு பைசா போகலையே. அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நல்ல கேள்வி. எழுத்தாளருக்குப் பணம் போகிறதா என்பதுதான் நேர்மைக்கு அளவுகோல் என்றால், பழைய புத்தகக் கடைக்காரர் எல்லாரும் குற்றவாளிகள். நூலகம்கூடத் தப்பாது. நாம் அப்படி நினைப்பதில்லை. ஏன்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை 1908-லேயே யோசித்திருக்கிறது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டு, ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் காப்பிரைட் மீறல் என்று உள்ளே அச்சடித்தது. நியூயார்க்கின் மேஸீஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. பதிப்பகம் வழக்குப் போட்டது; தோற்றது. ஒரு பிரதியை முதல் தடவை விற்றதோடு அந்தப் பிரதியின் மேல் உனக்கிருந்த பிடி போயிற்று, வாங்கியவர் அதை என்ன விலைக்கும் விற்கலாம் என்றது கோர்ட். அதாவது அந்த ஒரு பிரதிக்கு உரிய காசை உரியவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டார். பிறகு அது பத்துக் கை மாறினாலும் பிரதி ஒன்றுதான்.

பி.டி.எஃப். அப்படி இல்லை. கடைக்காரர் பையனுக்கு விற்ற பிறகும் அவரிடம் அது அப்படியே இருக்கிறது. நாளைக்கு இன்னொருவருக்கு, மறுநாள் இன்னொருவருக்கு. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு புதுப் பிரதி பிறக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பாட்டுக் கோப்புகளைப் பழைய சாமான் போல மறுவிற்பனை செய்ய முயன்ற 'ரீடிஜி' என்ற கம்பெனிக்கும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் இதே காரணத்தைச் சொல்லித்தான் முடியாது என்றது.

சட்டம் கிடக்கட்டும். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பழைய புத்தகக் கடைக்காரர் தன்னிடம் இருக்கும் ஒரு பொருளை விற்கிறார். அந்த இணையக் கடைக்காரர் தன்னிடம் இல்லாத ஒன்றை விற்கிறார். அது என்ன தெரியுமா? ஒருவருடைய சம்மதம். 'இதை நகல் எடுக்கலாம், சரி' என்று சொல்ல வேண்டியவர் சொல்லாதபோது, அவர் சார்பில் இவர் சொல்லி, அதற்கு ஆறு டாலர் வாங்கிக்கொண்டார்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இலவசமாகப் பகிர்கிறவரும் கேட்காமல்தான் நகலெடுக்கிறார். ஆனால் அவரிடம் எடுக்கிறவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். விலையும் ரசீதும் வந்தால் வாங்குகிறவன் ஏமாந்துவிடுகிறான். 'காசு குடுத்துட்டேன், நான் யோக்கியன்' என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறான். பையன் கொடுத்த ஆறு டாலரில் பெரும்பகுதி புத்தகத்துக்கு இல்லை, அந்த நிம்மதிக்கு. அதுவும் போலி.

நஷ்டமே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1987-ல் 'ஸ்டார் வார்ஸ்' விளையாட்டுப் புத்தகத்தைப் போட்டது. டிமதி ஸான் 1991-ல் வெளியான தன் ஸ்டார் வார்ஸ் நாவலை எழுத உட்கார்ந்தபோது, உலக விவரங்களுக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லி லூகாஸ்ஃபிலிம் அனுப்பி வைத்தது இந்தக் கம்பெனியின் புத்தகங்களைத்தான். 1998-ல் கம்பெனி திவாலாகி உரிமை போய், புத்தகம் இருட்டில் கிடந்தது. அவ்வளவுதான், இனி வராது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் முறையாக உரிமை பெற்று 2018-ல் அதே பழைய பதிப்பை மறுபடி அச்சிட்டது. மறுபதிப்புப் போடலாமா என்று யோசிக்கிற எவரும், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார். காத்திருக்க வேண்டியவர்களெல்லாம் கோணல் ஸ்கேனை வாங்கித் திருப்திப்பட்டுவிட்டால்?

*

இதுவரை படித்துவிட்டு, 'இவர் பெரிய கம்பெனிகளின் வக்கீல்' என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. உரிமையாளர்கள் செய்த காரியங்களையும் கேளுங்கள்.

டி.எஸ்.ஆர். 'டிராகன்' என்று ஒரு மாத இதழ் நடத்திவந்தது. 1999-ல் அதன் முதல் 250 இதழ்களையும் ஸ்கேன் செய்து ஒரு சி.டி. தொகுப்பாக விற்றார்கள். பத்திரிகை அவர்களுடையதுதான். ஆனால் உள்ளே எழுதியவர்களில் சிலர் ஒரு தடவை அச்சிட மட்டுமே உரிமை கொடுத்திருந்தார்கள். சி.டி.யில் போட அவர்களை யாரும் கேட்கவில்லை. சண்டை வந்தது. இதழில் வந்துகொண்டிருந்த ஒரு படக்கதைக்குச் சொந்தக்காரரான கென்ஸர் அண்ட் கம்பெனி என்ற சிறிய பதிப்பகத்தோடு சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அதன் பலனாகப் பழைய விதிகளை வைத்தே அவர்கள் 2001-ல் 'ஹேக்மாஸ்டர்' என்று ஒரு நையாண்டி விளையாட்டை வெளியிட்டார்கள். அதே 2001-ல் நியூயார்க் டைம்ஸ் மீது வெளி எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் எழுத்தாளர் பக்கம் நின்றது. காகிதத்துக்குக் கொடுத்த சம்மதம் கம்ப்யூட்டருக்குச் செல்லாது என்று. ஆக, சொந்தக் கம்பெனி விற்றாலும் லைசென்ஸ் சரியாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது!

இன்னொன்று. 2009 ஏப்ரல் 6. விசார்ட்ஸ் தன் பி.டி.எஃப். புத்தகங்கள் எல்லாவற்றையும் விற்பனையிலிருந்து திடீரென்று எடுத்துவிட்டது. காரணம், திருட்டு. தன் புதிய புத்தகம் ஒன்றை இணையத்தில் ஏற்றியதாக எட்டுப் பேர் மேல் வழக்கும் போட்டது. முறையான கடையில் முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் புத்தகத்தை மறுபடி இறக்கிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய ஒரு நாள். நல்லபிள்ளையாக நடந்தவர்கள் அரக்கப்பரக்க ஓடினார்கள். திருட்டுப் பிரதி வைத்திருந்தவருக்கு ஒரு சிரமமும் இல்லை. 2013 ஜனவரியில்தான் டிரைவ்த்ரூஆர்.பி.ஜி. கடைக்காரர்களோடு சேர்ந்து பழைய புத்தகங்களை மறுபடி விற்க ஆரம்பித்தார்கள். நடுவில் கிட்டத்தட்ட நாலு வருஷம், காசை நீட்டினாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அந்த நாலு வருஷத்தில் ஸ்கேன் எடுத்தவனை நான் பெரிதாகத் திட்ட மாட்டேன். விற்றவனைத் திட்டுவேன்.

அப்படியானால், உரிமையாளர் வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது? பிரான்ஸ் நாடு 2012-ல் ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 2001-க்கு முன் வெளியாகி விற்பனையில் இல்லாத புத்தகங்களை ஒரு பட்டியலில் போடுவோம். ஆறு மாசத்துக்குள் எழுத்தாளர் ஆட்சேபிக்காவிட்டால், மின்புத்தகமாக்கும் அனுமதியை ஓர் அமைப்பே வழங்கும் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு எழுத்தாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள். பட்டியலில் பேர் வந்ததே தெரியாதவன் எப்படி ஆட்சேபிப்பான் என்று கேட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2016-ல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொருவருக்கும் நேராகத் தெரியப்படுத்தாமல், அவர் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பேச்சில் சொல்வார்கள். அங்கேயே அது பல பெண்களுக்கு அநியாயம் செய்திருக்கிறது. புத்தகத்துக்கும் அது ஒத்துவராது.

நேரான வழியும் உண்டு. 1949-ல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னால் அவை நாட்டுடைமை ஆயின. எத்தனையோ எழுத்தாளர்களின் வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து அவர்கள் எழுத்தைப் பொதுவாக்கியிருக்கிறார்கள். தொகை போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் அங்கே 'சரி' என்று சொல்ல வேண்டியவர் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அதற்கப்புறம் யாரும் யாரிடமும் லைசென்ஸ் கேட்க வேண்டியதில்லை.

*

அப்போது வாங்குகிறவன் என்னதான் செய்ய வேண்டும்? ஆறு டாலர் புத்தகத்துக்கு வக்கீல் வைத்துக்கொள்ள முடியுமா? வேண்டாம். நாலு விஷயம் பார்த்தால் போதும். புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் யார் பேர், எந்த வருஷம் என்று பாருங்கள். அந்த உரிமை இப்போது யாரிடம் என்று தேடுங்கள். பெரும்பாலும் அவர்களே எந்தக் கடையில் விற்கிறோம் என்று அறிவித்திருப்பார்கள். ஒன்றுக்கொன்று போட்டியான பத்துக் கம்பெனிகளின் புத்தகங்களையும் மொத்தமாக அள்ளி ஒரே விலைக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். அத்தனை பேரும் ஒரே ஆளுக்குத் தலையாட்டியிருக்க மாட்டார்கள். கடைசியாக, கடைக்காரரையே கேளுங்கள். அனுமதி வாங்கியவர் 'இன்னாரிடம் வாங்கினோம்' என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். வாங்காதவர்தான் தத்துவம் பேசுவார்.

கேட்டு, அவர் பொய் சொல்லி, நீங்கள் ஏமாந்தால் பாவம் அவருடையது. கேட்காமலே இருந்தால் அதில் கொஞ்சம் உங்களுடையது. அவ்வளவுதான் என் நீதி சாஸ்திரம்.

போன வாரம் பையன் மறுபடி கூப்பிட்டான். "அந்த ஃபைலை அழிச்சிட்டேன் மாமா. கடைக்காரன் காசைத் திருப்பலை. ஆறு டாலர் போச்சு."

"போகட்டும். வெள்ளிக்கிழமை சிநேகிதர் கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அஞ்சு பேரும் சேர்ந்து, இப்ப உரிமை வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு மெயில் போட்டோம். 'இந்தப் புஸ்தகத்தை மறுபடி போடுங்க, அஞ்சு பேர் காசோட காத்திருக்கோம்'னு."

"பதில் வந்ததா?"

"வரலை மாமா. வராமலும் போகலாம்."

வராமலும் போகலாம்தான். ஐந்து பேருக்காக எந்தக் கம்பெனி அசையும்? ஆனால் அந்த ஐந்து பேர் பதில் வராததை 'சரி' என்று எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது டாலர் பிரதி ஒன்றை மேஜை நடுவில் வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் புரட்டி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய புத்தகங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு.